பழைய மடிக்கணினியில் விளையாட்டு தாமதிப்பது ஏன்?

கேரள இராஜ்யத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் மாட்டுப்பட்டி அமைந்துள்ளது. 1953-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அணையினாலும், 1963-ஆம் ஆண்டில் இந்திய-சுவிட்சர்லாந்து ஒப்பந்தத்தின் பயனாகத் தோன்றிய கால்நடை அபிவிருத்தித் திட்டத்தினாலும் இவ்வூர் பெயர் பெற்றது. பொலிகாளைகளின் விந்து, திரவ நைட்ரஜனில், பூஜ்யத்திற்குக் கீழே 196 பாகை செண்டிகிரேடு குளிரில் இங்கு உறைய வைத்துப் பாதுகாக்கப்படுகிறது. இவ்வளவு கடுங்குளிரைப் பணியாளாக வைத்திருக்கும் ஊரில், அதுவும் மார்கழி, தை மாதங்களில் கம்பளியின்றி வெளிவர இயலாத ஊரில், ஒரு மடிக்கணினி உஷ்ணம் தாங்காமல் தளர்ந்து போகிறது என்றால் நம்புவது கடினமே. ஆயினும் அது நிகழக் கூடியதே. அதன் காரணம் பௌதிக விஞ்ஞானத்தின் எளிய விதிகளுக்குள் அடங்கியது.

மடிக்கணினி பழையதாகும்போது அதன் தளர்ச்சி முதலில் வெளிப்படுவது விளையாட்டில்தான். கடிதம் எழுதுவதற்கும் பாடப் புத்தகம் வாசிப்பதற்கும் இயந்திரத்தின் ஆற்றலில் ஒரு சிறு பகுதியே போதும். விளையாட்டு அவ்வாறன்று. மையச் செயலி, வரைகலைச் செயலி, நினைவகம், தட்டு, விசிறி ஆகிய யாவற்றையும் ஒரே சமயத்தில் அது வேலை வாங்குகிறது. எனவே விளையாட்டைச் சிறுவர் பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல், கணினியின் உடல்நிலையை அறியும் பரிசோதனையாகவும் கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இலவச மடிக்கணினித் திட்டத்தின் முதற் கணினிகள் போன்றவை இன்று பத்தாண்டுகளைக் கடந்துவிட்டன. தோட்டத்து லயம் ஒன்றில் அத்தகைய கணினி ஒன்றே இருக்குமாயின், மாலையில் விளையாடும் தம்பிக்கும் இரவில் தேர்வுக்குப் படிக்கும் அக்காளுக்கும் அதுவே துணை. அது பழுதுற்றால், காரணம் அறியாமலேயே புதிய ராம் வாங்கிப் பொருத்துவதும், அதனால் பயன் காணாமல் கணினியையே கைவிடுவதும் சாதாரணமாக நடைபெறுகின்றன. நோயை அறியுமுன் மருந்து வாங்கும் இச்செலவைத் தவிர்ப்பதே பரிசோதனையின் முதற்பயன்.

படச்சட்டங்களின் கணக்கு

திரையில் காணும் அசைவு உண்மையில் அசைவன்று. திரைப்படத்தைப் போலவே, ஒன்றன்பின் ஒன்றாக வரும் நிலைப்படங்களே கண்ணுக்கு அசைவாகத் தோன்றுகின்றன. இவற்றைப் படச்சட்டங்கள் எனலாம். ஆனால் திரைப்படச் சுருளில் படங்கள் முன்னரே தயாராக இருக்கின்றன. கணினி விளையாட்டிலோ ஒவ்வொரு சட்டமும் அந்தந்த நொடியில் கணக்கிட்டு வரையப்படல் வேண்டும். வினாடிக்கு 60 சட்டங்கள் வேண்டுமெனில் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி வினாடி. 30 சட்டங்கள் போதுமெனில் 33.3 மில்லி வினாடி. இந்த அவகாசத்திற்குள் வேலை முடியாவிட்டால் அசைவு தடுக்கி விழுகிறது.

ஆகவே, 'மெதுவாக ஓடுகிறது' என்னும் புகாரை அப்படியே ஏற்பதற்கில்லை. மூன்று விதமான தாமதங்களைப் பிரித்தறிதல் அவசியம். தொடக்கம் முதலே சட்டங்கள் ஒரே சீராகக் குறைந்திருப்பது ஒன்று. முதற் பத்து நிமிஷங்கள் நன்றாக ஓடிப் பின்னர் தளர்வது மற்றொன்று. பொதுவாக நன்றாக ஓடியும், இடையிடையே அரை வினாடி, ஒரு வினாடி உறைந்து நின்று மீள்வது மூன்றாவது. முதலாவது வரைகலைச் செயலி அல்லது மையச் செயலியின் இயலாமையையும், இரண்டாவது உஷ்ணத்தையும், மூன்றாவது நினைவகத்தின் பற்றாக்குறையையும் பெரும்பாலும் குறிக்கும். நாடி பார்த்து நோய் கூறும் வைத்தியனுக்கு நாடியின் நடை எவ்வாறோ, அவ்வாறே இங்குத் தாமதத்தின் நடை.

இவற்றோடு சேராத நான்காவது தாமதம் ஒன்றுண்டு. இணையத்தின் வழியே பலர் கூடி ஆடும் விளையாட்டில் படம் தெளிவாக அசைந்துகொண்டிருக்கும். ஆனால் பொத்தானை அழுத்திய பின் சிறிது நேரம் கழித்தே பலன் தெரியும். இது கணினியின் குற்றமன்று, இணைப்பின் குற்றம். குன்றுகள் மறைக்கும் பள்ளத்தாக்குகளில் அலைபேசிச் சமிக்ஞை வலிமை குன்றுவதால் இது நேர்கிறது. இதற்காகக் கணினிக்கு ராம் வாங்குவது, பாதை பழுதானதற்கு வண்டியின் சக்கரத்தை மாற்றுவதை ஒக்கும்.

சட்டங்களின் எண்ணிக்கையைத் திரையின் மூலையில் காட்டும் வசதி பல விளையாட்டுகளிலேயே உள்ளது. அதை இயக்கி, விளையாட்டின் குறிப்பிட்ட ஓரிடத்தில் நின்று, தொடக்கத்திலும் இருபது நிமிஷங்களுக்குப் பின்னும் எண்ணைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பரிகாரம் எதைச் செய்தாலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே செய்து, மீண்டும் அதே இடத்தில் எண்ணைப் பார்க்க வேண்டும். மூன்று மாற்றங்களை ஒருசேரச் செய்தவனுக்கு எது பயன் தந்தது என்பது விளங்காது.

மலைக்காற்றும் விசிறியும்

மடிக்கணினியின் செயலி விரலின் நகத்தளவே ஆன சிலிக்கன் துண்டு. அதில் தோன்றும் உஷ்ணத்தைச் செப்புக் குழாய் ஒன்று ஏந்திச் சென்று மெல்லிய உலோகத் தகடுகளில் சேர்க்கிறது. சிறு விசிறி ஒன்று அத்தகடுகளுக்கிடையே காற்றைச் செலுத்தி உஷ்ணத்தை வெளியேற்றுகிறது. இவ்வழியில் தடை ஏற்பட்டால் செயலியின் உஷ்ணநிலை ஏறுகிறது. மடிக்கணினிச் செயலிகள் பலவற்றிற்கு 100 பாகை செண்டிகிரேடை ஒட்டிய ஓர் எல்லை விதிக்கப்பட்டுள்ளது. அதை நெருங்கியதும் செயலி தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இது பழுதன்று, தற்காப்பு. விளையாடுபவனுக்கோ நன்றாக ஓடிய விளையாட்டு திடீரென்று நொண்டுவதாகத் தோன்றுகிறது.

மலைமேல் குளிர் இருப்பதால் இத்தொல்லை இராது என்று எண்ணுவது இயல்பு. குளிரின் லாபத்தையும் உயரத்தின் நஷ்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். 1,700 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 81 சதவிகிதமே. இதனால்தான் அங்கே தண்ணீர் 100 பாகைக்குப் பதிலாக 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடுகிறது. பருப்பு வேக நேரம் பிடிப்பதும் இதனால்தான். காற்றின் அடர்த்தியும் குறைகிறது. 20 பாகையில் உள்ள மாட்டுப்பட்டிக் காற்று ஒரு கன மீட்டருக்கு 0.98 கிலோகிராம் எடையுள்ளது. 30 பாகையில் உள்ள கடற்கரைக் காற்றோ 1.16 கிலோகிராம். விசிறி ஒரு சுற்றில் தள்ளுவது காற்றின் கன அளவையே அன்றி எடையை அன்று. உஷ்ணத்தைச் சுமந்து செல்வதோ எடை. ஆகவே மலையில் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுமையாள் குறைந்துவிடுகிறான்.

இனி லாபத்தைக் காண்போர், செயலி 90 பாகையில் இயங்குவதாகக் கொள்க. கடற்கரை அறையில் செயலிக்கும் காற்றுக்கும் உள்ள உஷ்ண வேறுபாடு 60 பாகை. மலையறையில் 70 பாகை. உஷ்ணம் வெளியேறும் வேகம் இவ்வேறுபாட்டைப் பொறுத்ததாகையால், இங்கு ஆறில் ஒரு பங்கு மிகுதி. நஷ்டமும் லாபமும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட ஈடுசெய்துவிடுகின்றன. அடர்த்தி குறையும் அதே விகிதத்தில் குளிர்விக்கும் திறன் முழுவதும் குறைவதில்லை என்பதால் மலைவாசிக்குச் சிறிது லாபம் எஞ்சும். ஆனால் அந்தச் சிறு லாபம், கணினியைக் கம்பளியின்மேல் வைத்த மாத்திரத்தில் அழிந்துபோகிறது.

கம்பளி என்பது இங்கு அணியாகக் கூறப்பட்டதன்று. பெரும்பாலான மடிக்கணினிகள் காற்றை அடிப்பாகத்தின் துளைகள் வழியே உட்கொள்கின்றன. குளிர் காலத்தில் படுக்கையில் அமர்ந்து, மடியில் விரித்த கம்பளியின்மேல் கணினியை வைத்து விளையாடுவது மலையூர்களில் எளிதாகப் படியும் வழக்கம். கம்பளி துளைகளை மூடுவதோடு, தன் நூலிழைகளையும் விசிறிக்குள் அனுப்புகிறது. கணினியை மரப்பலகையின்மேல் வைத்து, பின்புறத்தை இரண்டு தீப்பெட்டி உயரத்திற்குத் தூக்கி நிறுத்துவது செலவற்ற பரிகாரம். இருபது நிமிஷத்திற்குப் பின் எடுக்கும் சட்ட எண்ணில் இதன் பலனை உடனே காணலாம்.

விறகடுப்பின் புகை மற்றொரு காரணம். புகையில் உள்ள நுண்ணிய கரியும் பிசுபிசுப்பும் தூசியோடும் கம்பளி இழையோடும் கூடி, விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையே மெத்தை போன்ற ஒரு படலமாகப் படிகின்றன. வெளியிலிருந்து ஊதினால் இப்படலம் பெயராது. ஒருகால் இன்னும் உள்ளே இறுகும். பின்மூடியைக் கழற்றி, விசிறியை நீக்கி, படலத்தை முழுதாக எடுத்தல் வேண்டும். அவ்வாறு செய்கையில், கணினியை முற்றிலும் நிறுத்தி, சார்ஜரையும் பாட்டரியின் இணைப்பையும் முதலில் பிரித்துவிட வேண்டும். காற்று ஊதும் கருவியை உபயோகிப்பதாயின் விசிறியின் இறகை ஒரு குச்சியினால் அசையாமல் பிடித்துக்கொள்வது நலம். கட்டுக்கடங்காமல் சுழன்றால் அதன் தாங்கி தேய்ந்துவிடும். பாட்டரி உப்பியிருப்பதைக் கண்டால், அன்றி மூடுமுன்னரே கைவைக்கும் பாகம் மேலெழும்பியிருந்தால், வேலையை அத்துடன் நிறுத்திப் பாட்டரியை மாற்றுவோரிடம் ஒப்படைத்தல் வேண்டும். லித்தியம் பாட்டரியைக் குத்துவதும் அழுத்துவதும் தீவிபத்தில் முடியக் கூடும்.

செயலிக்கும் செப்புக்குழாயின் அடித்தகட்டிற்கும் இடையே தடவப்படும் தெர்மல் பேஸ்ட் என்னும் பசை ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து வெடிக்கிறது. வெடிப்புகளில் காற்று புகுகிறது. காற்று உஷ்ணத்தை எளிதிற் கடத்தாது. பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, ஒரு நெல்மணி அளவு புதிய பசை இட்டால் போதும். மிகுதியாக இடுவது நன்மையைக் குறைக்குமேயன்றிக் கூட்டாது.

கருவியைத் திறக்க இயலாதோருக்கும் ஒரு வழியுண்டு. செயலியில் தோன்றும் உஷ்ணம் அதன் வேகத்திற்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர் விகிதத்திலும் அமைகிறது. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கும்போது மின்னழுத்தமும் 1.10 வோல்ட்டிலிருந்து 0.95 வோல்ட்டிற்கு இறங்குமாயின், உஷ்ணம் பழைய அளவில் 60 சதவிகிதமாகக் குறைந்துவிடும். அதாவது 20 சதவிகித வேகத்தைக் கொடுத்து 40 சதவிகித உஷ்ணத்தைத் தவிர்க்கலாம். விண்டோஸ் இயங்குதளத்தின் மின்சக்தி அமைப்புகளில் செயலியின் உச்ச நிலையை 100-லிருந்து 99 சதவிகிதமாக அமைத்தால், பல கணினிகளில் செயலி தன் மிகைவேகத்தைக் கைவிட்டு அடிப்படை வேகத்திலேயே நிற்கும். வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பதால் விளையாட்டு வேகமாக ஓடுவது முரணாகத் தோன்றலாம். ஓடி இளைத்து நிற்பவனைக் காட்டிலும் சீராக நடப்பவன் முந்துகிறான் என்பதே அதன் விளக்கம்.

நினைவகமும் தட்டும்

இடையிடையே உறைந்து நிற்கும் மூன்றாவது தாமதத்திற்கு வருவோமாயின், ராம் என வழங்கும் நினைவகத்தின் பங்கு தெளிவாகும். 4 ஜிகாபைட் ராம் உள்ள கணினியில் இயங்குதளமே ஏறத்தாழ பாதியை எடுத்துக்கொள்கிறது. பின்னணியில் திறந்து கிடக்கும் பிரவுசர் எஞ்சியதில் ஒரு பெரும் பங்கை உண்கிறது. தனி வரைகலை நினைவகம் இல்லாத கணினியாயின், வரைகலைச் செயலியும் இதிலிருந்தே தன் பங்கைக் கேட்கிறது. இடம் போதாதபோது இயங்குதளம் சில செய்திகளை ஹார்டு டிஸ்க்கிற்கு அனுப்பி, தேவைப்படும்போது திரும்பக் கொணர்கிறது. துன்பம் இங்கேதான் தொடங்குகிறது.

மடிக்கணினிகளின் பழைய ஹார்டு டிஸ்க் நிமிஷத்திற்கு 5,400 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி வினாடி. வேண்டிய செய்தி முனைக்கு நேரே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். முனை உரிய தடத்திற்கு நகர்வதற்கு வேறு சுமார் 10 மில்லி வினாடி ஆகும். ஆக, ஒரேயொரு முறை தட்டை நாடுவதற்கே ஏறத்தாழ 16 மில்லி வினாடி. வினாடிக்கு 60 சட்டங்கள் எனில், ஒரு சட்டத்தின் முழு அவகாசமும் இந்த ஒரே வினையில் தீர்ந்துவிடுகிறது. நூறு முறை நாட நேர்ந்தால் ஒன்றரை வினாடிக்கு மேல் திரை உறைந்து நிற்கும். சுழலும் பாகம் ஏதுமில்லாத எஸ்.எஸ்.டி. இதே வினையை ஒரு மில்லி வினாடியின் பத்தில் ஒரு பங்கு அளவில் முடித்துவிடுகிறது. இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க் உள்ள பழைய கணினிகளில் பெரும்பாலானவற்றில் அதே இடத்தில் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தலாம். ஆனால் இதனால் சட்டங்களின் சராசரி எண்ணிக்கை உயரும் என எதிர்பார்ப்பது தவறு. உறைதல் நீங்கும், விளையாட்டு விரைவில் திறக்கும், அவ்வளவே.

ராம் வாங்குமுன் பிரவுசரை மூடி ஒரு முறை விளையாடிப் பார்ப்பது முறை. உறைதல் நின்றுவிட்டால் நோய் உறுதியாயிற்று. பின்னர் வாங்குவதாயின், பழைய கணினிகளில் உள்ள டிடிஆர்3 வகையிலேயே 1.5 வோல்ட், 1.35 வோல்ட் என இரு பிரிவுகள் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். 1.35 வோல்ட்டிற்கென அமைந்த சில கணினிகள் மற்றதை ஏற்பதில்லை. தனி வரைகலை நினைவகம் இல்லாத கணினிக்கு வேறொரு லாபமும் உண்டு. 1,600 வகை டிடிஆர்3 ராம் ஒன்று வினாடிக்கு 12.8 ஜிகாபைட் செய்தியை வழங்க வல்லது. ஒரே அளவுள்ள இரண்டை இரு பொருத்திகளிலும் இட்டால் 25.6 ஜிகாபைட். வரைகலைச் செயலி இவ்வழியையே நம்பியிருப்பதால், 8 ஜிகாபைட் ஒன்றைக் காட்டிலும் 4 ஜிகாபைட் இரண்டு விளையாட்டிற்கு உகந்தவை.

உயரத்தைப் பற்றிப் பேசியதால் ஹார்டு டிஸ்க்கைப் பற்றிய ஓர் ஐயத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். அதன் முனை சுழலும் தட்டைத் தொடுவதில்லை; மெல்லிய காற்றுப் படுகையின்மேல் மிதக்கிறது. காற்று மிகவும் மெலிந்தால் முனை தாழ்ந்து தட்டை உரசும். எனவே சாதாரண ஹார்டு டிஸ்க்குகளுக்குச் சுமார் 3,000 மீட்டர் உயர எல்லை கூறப்படுகிறது. மாட்டுப்பட்டி அவ்வெல்லைக்கு மிகவும் கீழே உள்ளது. லடாக்கின் லே நகரம் எல்லையைத் தாண்டியது.

வரையும் வேலையைக் குறைத்தல்

தொடக்கம் முதலே சட்டங்கள் குறைவாக உள்ள கணினியில் ஓர் எளிய பரிசோதனை செய்யத்தக்கது. விளையாட்டின் திரைப்புள்ளி அளவைக் குறைத்துச் சட்ட எண்ணைக் காண வேண்டும். 1366-க்கு 768 அளவுள்ள திரையில் 10,49,088 புள்ளிகள் உள்ளன. 800-க்கு 600 எனக் குறைத்தால் 4,80,000 புள்ளிகளே. வரையும் வேலை பாதிக்கும் கீழே இறங்குகிறது. சட்டங்கள் கணிசமாக உயர்ந்தால் தளர்ந்தது வரைகலைச் செயலி. நிழல், பிரதிபலிப்பு, விளிம்பு மெருகு ஆகியவற்றைக் குறைத்தால் மேலும் பயன் கிட்டும். எண்ணில் மாற்றமே இல்லையெனில் தளர்ந்தது மையச் செயலி. நிழலைக் குறைப்பதால் அதற்குப் பெரும் பயன் விளையாது. பார்வைத் தொலைவையும், ஒரே சமயத்தில் நடமாடும் பாத்திரங்களின் எண்ணிக்கையையும் குறைப்பதே அதற்கு மருந்து.

பார்வைத் தொலைவின் கணக்கு கவனிக்கத்தக்கது. சிறுவர் பெரிதும் விரும்பும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் நிலம் 16-க்கு 16 கட்டங்கள் கொண்ட சதுரத் துண்டுகளாக வகுக்கப்பட்டுள்ளது. பார்வைத் தொலைவு 12 எனில், நிற்கும் துண்டைச் சுற்றி எல்லாத் திசையிலும் 12 துண்டுகள். ஆகப் பக்கத்திற்கு 25, மொத்தம் 625 துண்டுகள். தொலைவை 6 ஆக்கினால் பக்கத்திற்கு 13, மொத்தம் 169. தொலைவு பாதியானால் வேலை நான்கில் ஒரு பங்கை ஒட்டிக் குறைகிறது. மாட்டுப்பட்டி ஏரியின்மேல் மூடுபனி இறங்கும்போது எதிர்க்கரை மறைவதைப் போல, விளையாட்டிலும் தொலைவில் பனி சூழ்ந்ததாகக் காட்டி இக்குறைவை மறைத்துவிடுகிறார்கள்.

சார்ஜரைப் பற்றி ஒரு வார்த்தை. 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்குமாறு அது அமைக்கப்படுவதால், மலையூர்களில் மாலை நேரத்து மின்னழுத்தக் குறைவு விளையாட்டைத் தாமதப்படுத்தாது. ஆனால் பழையது கெட்டபின் குறைந்த வாட் உள்ள மாற்றுச் சார்ஜர் வாங்கப்பட்டிருந்தால், சில கணினிகள் அதை அறிந்து செயலியின் வேகத்தை மிகவும் தாழ்த்திவிடும். பழையதன்மீது 90 வாட் என்றும் புதியதன்மீது 65 வாட் என்றும் அச்சிடப்பட்டிருந்தால், மற்றெல்லாப் பரிசோதனைக்கும் முன் அதையே மாற்றிப் பார்க்க வேண்டும். பாட்டரியில் மட்டும் ஓடும்போது வேகம் குறைவதோ இயல்பு.

இவை யாவும் செய்த பின்னரும் தீராத தளர்ச்சி உண்டு. புதிய விளையாட்டுகள் கோரும் வரைகலைக் கட்டளைகளையே அறியாத பழைய செயலிக்குத் தூசி தட்டுவதால் அவ்வறிவு வந்துவிடாது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியிலும் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டன. அத்தகைய கணினியில் லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை நிறுவுவது ஒரு வழி. சென்னையின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அவ்வகையினது. கேரளப் பள்ளிகளும் லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளத்தையே கையாளுகின்றன. சூப்பர்டக்ஸ்கார்ட் என்னும் இலவசப் பந்தய விளையாட்டு, வரைகலைத் தரத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ள இடம் தருவது. பழைய கணினியிலும் முயன்று பார்க்கத்தக்கது. முதலில் தாழ்ந்த படியில் தொடங்கி, இருபது நிமிஷம் ஓடவிட்டு, சட்ட எண் 30-க்குக் குறையாதிருந்தால் அடுத்த படிக்கு உயர்த்தலாம்.